பாங்காக்கில் நான்கு நாள்: ரோட்டை விட்டு ஆற்றைப் பிடியுங்கள்

முதல் தடவை பாங்காக் போனபோது, சென்னையில் ஆட்டோ பிடிக்கிற பழக்கத்தில் எங்கே போனாலும் டாக்சியில் ஏறினேன். சியாம் பகுதியிலிருந்து அரண்மனைக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பாதி நேரம் ஒரே சிக்னலில், முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போயிற்று.

இரண்டாவது தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். 66 வயது, முழங்கால் வலி, சுத்த சைவம். அந்தப் பயணத்தில் படகும் ரயிலுமாகவே ஊரைச் சுற்றினோம். இத்தனைக்கும் முதல் தடவையைவிட அதிகமாகவே பார்த்தோம், அலைச்சலும் குறைவு. இந்த ஊருக்குத் திட்டம் போடும்போது மேப்பில் முதலில் பார்க்க வேண்டியவை சாவோ பிரயா ஆறும், சென் செப் கால்வாயும், மெட்ரோ பாதைகளும்தான். அவற்றுக்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், தள்ளி இருப்பதை யோசித்து எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள நான்கு நாள் திட்டம் அப்படிப் போட்டதுதான். விலைகளையெல்லாம் ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

கிளம்பும் முன்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் வெயில் தாங்கும். மார்ச், ஏப்ரல் நம் ஊர் மாதிரியேதான், புழுக்கம் மட்டும் கூடுதல். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்கிரான், தாய்லாந்தின் புத்தாண்டு. நம் சித்திரைப் பிறப்பும் அதே சமயத்தில் வருவது தற்செயல் இல்லை, இரண்டும் சூரியனின் சங்கராந்திக் கணக்கு. பெயரே அதிலிருந்து வந்ததுதான். அந்த மூன்று நாளும் தெருவில் யார் மேலும் யாரும் தண்ணீர் அடிக்கலாம். இளவட்டமாகப் போனால் கொண்டாட்டம், அம்மா அப்பாவோடு போனால் திண்டாட்டம். மே முதல் அக்டோபர் வரை மழை. நாள் முழுக்கப் பெய்வது குறைவு. பெரும்பாலும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கான விசா விதிகளைத் தாய்லாந்து அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கிறது. டிக்கெட் போடுவதற்கு முன் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விசா எப்படியிருந்தாலும் டிஜிட்டல் வருகை அட்டை ஒன்று உண்டு. 2025 மே மாதத்திலிருந்து கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது போலி, மூடிவிடுங்கள். திரும்பும் டிக்கெட், ஓட்டல் முன்பதிவு இரண்டையும் காகிதத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடிநுழைவு அதிகாரி கையிருப்புப் பணத்தைக் காட்டச் சொன்னாலும் சொல்லலாம்.

ஏடிஎம்மில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வெளிநாட்டு அட்டைக்கு 200 பாத்துக்கு (தாய்லாந்துப் பணம்) மேல் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் கொஞ்சம் டாலரோ பாத்தோ கையில் கொண்டுபோய் நகருக்குள் மாற்றுவது லாபம். விமான நிலையக் கவுன்டர்களில் அன்றைய செலவுக்கு மட்டும் மாற்றுங்கள். பையில் இ-சிகரெட் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அங்கே அது சட்டவிரோதம்.

எங்கே தங்குவது

இதைச் சரியாக முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. காவோ சான் ரோடு என்று எல்லாரும் சொல்வார்கள். மலிவுதான், அரண்மனைக்கும் பக்கம்தான். ஆனால் ரயில் நிலையம் எதுவும் பக்கத்தில் இல்லை, ராத்திரி தூக்கமும் இல்லை. சுகும்வித்தில் நானா, அசோக் பக்கம் இந்தியச் சாப்பாடு நிறைய கிடைக்கும். ஆனால் நானாவில் இரவு வாழ்க்கை கொஞ்சம் பச்சையாகவே இருக்கும், குடும்பத்தோடு நடக்கும்போது தர்மசங்கடம்.

என் கணக்கில் இரண்டே இடம். ஒன்று பயா தாய், ராட்சதேவி வட்டாரம். விமான நிலைய ரயில் வந்து முடியும் இடமும் பிடிஎஸ் என்கிற வானத்து ரயில் நிற்கும் இடமும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. இன்னொன்று சபான் தக்சின். அங்கே வானத்து ரயில் நிலையத்துக்குக் கீழேயே சாத்தோர்ன் படகுத்துறை. நாங்கள் தங்கியது அங்கேதான். காலையில் இட்லிக்கு வழியில்லையே தவிர மற்ற எல்லாம் வசதி.

எதை எடுத்தாலும் ஓட்டலிலிருந்து ரயிலடிக்கு நடை தூரம் 500 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. மதியம் 12 முதல் 3 வரை அறைக்குத் திரும்பி வந்து படுப்பதுதான் இந்த ஊரைப் பார்ப்பதற்கான வழி. அறை தூரமாக இருந்தால் அது நடக்காது.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

சென்னையிலிருந்து சுமார் மூன்றரை மணி நேரப் பறத்தல். அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால். பல விமானங்கள் நள்ளிரவுக்குமேல் கிளம்பி விடிகாலையில் இறக்கிவிடுகின்றன. விமான நிலையம் இரண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். சுவர்ணபூமியில் இறங்கினால் அடித்தளத்துக்குப் போய் விமான நிலைய ரயிலைப் பிடியுங்கள். பயா தாய் வரை 45 பாத், அரை மணி நேரத்துக்குள் போய்விடும். டான் மியாங்கில் இறங்கினால் சிவப்புத் தட ரயில் குருங் தேப் அபிவாட் நிலையம் வரை போகும், அங்கே மெட்ரோவுக்கு மாறலாம்.

நாலு பேர், எட்டுப் பெட்டி என்றால் மட்டும் டாக்சி. சுவர்ணபூமியில் இயந்திரத்தில் டோக்கன் எடுத்து அந்த எண்ணுள்ள வண்டிக்குப் போக வேண்டும். மீட்டர் 35 பாத்தில் தொடங்கும். அதற்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50, சுங்கம் தனி. "மீட்டர்" என்ற ஒரு சொல் போதும். "மீட்டர் இல்லை, 600" என்று பேச ஆரம்பித்தால் இறங்கிவிடுங்கள்.

ஊருக்குள் இரண்டு ரயில்கள், இரண்டு கணக்கு. பிடிஎஸ் என்கிற வானத்து ரயில் 1999-இல் வந்தது, தூண்களின் மேலே ஓடுகிறது. எம்ஆர்டி என்கிற மெட்ரோ 2004-இல் வந்தது, நடுநகரில் பெரும்பாலும் சுரங்கம். எம்ஆர்டியில் காசு போட்டால் கருப்பு வட்ட வில்லை ஒன்று விழும், கேரம் காய் மாதிரி. அம்மா அதை முந்தானையில் முடிந்து வைத்துவிட்டு வெளியே வரும்போது தேடியது தனிக்கதை. வெளிநாட்டில் செல்லும் விசா, மாஸ்டர்கார்டு இருந்தால் எம்ஆர்டி கதவில் அட்டையை நேரே தட்டியே உள்ளே போகலாம். பிடிஎஸ்ஸில் அது ஓடாது, அங்கே தனிச் சீட்டோ ராபிட் அட்டையோ வாங்க வேண்டும். ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் புதுச் சீட்டு.

முதல் நாள்: சும்மா இருக்கும் நாள்

ராத்திரி தூங்காமல் வந்தவர்கள் முதல் நாளே அரண்மனைக்கு ஓடக் கூடாது. குளித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். மாலை 4 மணிக்குமேல் சீலோம் போகலாம்.

சீலோம் ரோடும் பான் ரோடும் சேரும் முனையில் மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. சுரசாக் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. ஊர்க்காரர்களிடம் மாரியம்மன் என்று கேட்டால் முழிப்பார்கள், "வாட் கேக்" என்று கேளுங்கள். வாட் என்றால் கோயில், கேக் என்றால் விருந்தாளி. இந்தியர், அரபியர் எல்லாரையும் சேர்த்துக் குறிக்க வைத்திருக்கும் சொல். கோபுரமும் சந்நிதியும் நம் ஊர்தான், கூட்டம் மட்டும் முக்கால்வாசி தாய்லாந்து மக்கள். வாசலில் சாமந்தி மாலை, இளநீர், வாழைப்பழத் தட்டு விற்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு கல்லூரிப் பெண் செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி, உதடு அசைய ஐந்து நிமிடம் நின்றாள். குருக்கள் வைத்த குங்குமத்தைக் கண்ணாடி பார்த்துச் சரி செய்துகொண்டு ஆபீஸ் பையோடு கிளம்பினாள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. நவராத்திரி முடிவில் இங்கிருந்து சாமி புறப்பாடு. அன்று சீலோம் ரோட்டையே மூடிவிடுவார்கள்.

கோயிலைச் சுற்றித் தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. அன்றைய இரவுச் சாப்பாட்டை அங்கேயே முடித்துவிடலாம்.

மாலை 6 மணிக்கு ரயில் நிலையத்தில் இருந்தால் ஒரு காட்சி காத்திருக்கும். ஒலிபெருக்கியில் தேசிய கீதம் தொடங்கும். படியில் ஏறுகிறவர் படியிலேயே, சீட்டு எடுக்கிறவர் இயந்திரத்தின் முன்னாலேயே, எல்லாரும் அப்படியே நின்றுவிடுவார்கள். முடிந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் ஓட்டம். காலை 8 மணிக்கும் உண்டு. நீங்களும் நில்லுங்கள். அரச குடும்பத்தைப் பற்றி வேடிக்கையாகக்கூட ஒன்றும் பேச வேண்டாம், சட்டம் கடுமையானது.

இரண்டாம் நாள்: ஆறும் அரண்மனையும்

காலை 7:30-க்கு சாத்தோர்ன் படகுத்துறையில் இருங்கள். அங்கே நின்றதும் ஒருவர் வந்து சுற்றுலாப் படகுக்குக் கைகாட்டுவார். நீலக்கொடிப் படகு அது, விலை கூடுதல். நமக்கு வேண்டியது ஆரஞ்சுக் கொடி. எங்கே இறங்கினாலும் 16 பாத்.

இந்தப் படகு பயணமே ஒரு பார்வை. பின்பக்கம் ஒருவர் நின்று விசிலடித்தே படகைத் துறையில் அணைப்பார். முன்னால் ஓட்டுகிறவருக்கு அந்த விசில்தான் கண். நீளமாக ஒன்று, குட்டையாக மூன்று, அதற்குள் கயிறு தூணில் விழுந்திருக்கும். கண்டக்டர் கையில் நீளமான தகர உருளை. அதை "சடக் சடக்" என்று திறந்து மூடிக்கொண்டு வருவார், சில்லறையும் சீட்டும் அதற்குள்ளேயே. அந்தச் சத்தம் கேட்டால் காசை எடுங்கள். படகு நிற்கும் நேரம் ரொம்பக் குறைவு, வயதானவர்களை ஒரு துறை முன்னாலேயே வாசல் பக்கம் கொண்டுவந்து விடுங்கள்.

தா சாங் துறையில் இறங்கினால் அரண்மனை மதில் தெரியும். "தா" என்றால் துறை. மதிலை ஒட்டி நடக்கும்போது நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, "இன்று பூஜை, அரண்மனை மதியம் 1 மணிக்குத்தான் திறக்கும், அதுவரை 20 பாத்துக்கு நாலு கோயில் காட்டுகிறேன்" என்பார். முதல் தடவை நான் நம்பினேன். ஒரே ஒரு கோயில் காட்டினார்கள், அப்புறம் ஒரு ரத்தினக் கடை, அப்புறம் ஒரு தையல் கடை. கடைக்கு ஆள் கொண்டுபோனால் டுக்-டுக் (அந்த ஊர் ஆட்டோ) ஓட்டுகிறவருக்குக் கமிஷன். இரண்டாவது தடவை அதே வசனத்தை வேறொருவர் சொன்னார். அம்மா, "சரிப்பா, நாங்க வெளியிலேயே உக்காந்துக்கறோம்" என்று தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு நடந்தார். திறந்திருக்கிறதா இல்லையா என்பதை வாசல் காவலரைத் தவிர யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

8:30-க்குத் திறக்கும், மாலை 3:30 வரை நுழைவுச் சீட்டு தருவார்கள். 500 பாத், இந்த ஊரிலேயே விலையுயர்ந்த கோயில் சீட்டு இதுதான். கையில்லாத மேல்சட்டை, அரைக்கால் சட்டை, கிழிந்த ஜீன்ஸ் எதுவும் ஆகாது. புடவையும் சல்வாரும் தாராளம். 9:30-க்குள் குழுச் சுற்றுலாக்காரர்கள் வந்து குவிந்துவிடுவார்கள், முதல் ஒரு மணி நேரம்தான் உங்களுடையது.

முதலாம் ராமா என்கிற மன்னர் 1782-இல் தலைநகரை இந்தக் கரைக்கு மாற்றிக் கட்டிய அரண்மனை இது. எல்லாரும் நேராக மரகதப் புத்தரிடம் போவார்கள். சிலை 66 சென்டிமீட்டர்தான், செய்தது பச்சை ஜேட் கல்லில். வெயில், மழை, குளிர் என்று மூன்று காலத்துக்கும் மூன்று பொன்னாடை. காலம் மாறும்போது மன்னரே வந்து மாற்றுவார். உள்ளே காலை நீட்டி உட்காரக் கூடாது, பாதம் புத்தரைப் பார்க்காமல் மடக்கிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டியது வெளிப் பிரகாரத்தில். சுற்றி வரும் சுவர் முழுக்க ராமாயணம், அவர்கள் வழக்கில் ராமகியென். மொத்தம் 178 ஓவியப் பகுதிகள். நமக்கு யார் யார் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. பச்சை உடம்போடு ராமன், பத்துத் தலையோடு ராவணன். அவனை இங்கே தொட்சகான் என்கிறார்கள், தசகண்டன். ஆனால் கதை அப்படியே நம் கதை இல்லை. இங்கே சீதை ராவணனின் மகள். அனுமனோ பிரம்மச்சாரியே இல்லை, ராவணனின் மகளான மச்சகன்னி சுவன்னமச்சாவைக் காதலிக்கிறார். சேதுவுக்குப் போட்ட கல்லை அவள் மீன்கூட்டத்தை விட்டுத் தூக்கிப்போட, சண்டை போடப் போனவர் மயங்கிவிட்டார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஆஞ்சநேயரா? சும்மா இருடா" என்றார். பிறகு வெள்ளைக் குரங்கு வாயைப் பிளந்து, உடம்பையே பாலமாக நீட்டி, வாலில் சேனையை நடக்க விடும் ஓவியத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பொன் ரேக்கை எல்லாம் இலை இலையாக ஒட்டியிருக்கிறார்கள். காலை வெயில் சாய்ந்து விழும்போது அது மினுங்கும்.

வெளியே வரும் வழியில் துணி அருங்காட்சியகம் ஒன்று, அரண்மனைச் சீட்டிலேயே பார்க்கலாம். பட்டைப் பார்க்கிறீர்களோ இல்லையோ, ஏசியில் கால் மணி உட்காருங்கள்.

அங்கிருந்து தெற்கே பத்து நிமிட நடையில் வாட் போ, 300 பாத். 46 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் சாய்ந்திருக்கிறார். முகத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல் பாதம் வரை போங்கள். உள்ளங்காலில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். முதுகுப் பக்கம் 108 வெண்கலக் கிண்ணங்கள், சில்லறை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். மண்டபம் முழுக்க அந்தக் கிணிங் கிணிங் சத்தம். தாய் மசாஜின் பழைய பள்ளி இந்தக் கோயிலில்தான். வளாகத்துக்குள்ளேயே பிடித்துவிடுகிறார்கள். விரலால் இல்லை, முழங்கையால். முழங்கால் வலிக்காரர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது மதியம். அறைக்குப் போய்ப் படுங்கள். படகு வேண்டாம் என்றால் பக்கத்திலேயே சனாம் சாய் மெட்ரோ.

4 மணிக்கு தா தியென் துறைக்குத் திரும்பி வாருங்கள். எதிர்க்கரை போகப் படகு 5 பாத். வாட் அருண், அதாவது அருணன் கோயில், 200 பாத். கோபுரம் முழுக்கச் சீனப் பீங்கான் துண்டுகளைப் பூப்பூவாகப் பதித்திருக்கிறார்கள். படி செங்குத்து, ஏறும்போது தெரியாது, இறங்கும்போது தெரியும். வாடகைக்குத் தாய்லாந்து உடை உடுத்திப் படம் எடுக்கும் கூட்டம் எந்நேரமும் இருக்கும். சூரியன் சாய்வதற்குள் திரும்ப இந்தக் கரைக்கு வந்துவிடுங்கள். கோபுரத்தின் பின்னால் வானம் சிவப்பதைப் பார்க்க வேண்டிய இடம் தா தியென் பக்கம்தான். கூரைமேல் உள்ள கடைகளில் ஒரு தேநீருக்கு ஏகப்பட்ட விலை. துறை மேடையில் நின்றால் இனாம்.

மூன்றாம் நாள்: ஊஞ்சலிலிருந்து கால்வாய் வரை

சாம் யோட் மெட்ரோவில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் நாற்சந்தி நடுவில் சிவப்பாக இரண்டு பெரிய தேக்குத் தூண். சாவோ சிங் சா, ராட்சத ஊஞ்சல். 1784-இல் நிறுத்தியது. இப்போது நிற்கும் மரம் 2007-இல் மாற்றியது. மார்கழி ஒட்டி இதில் ஆட்கள் ஏறி ஆடுகிற சடங்கு நடந்தது. 1935-இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

பெரும்பாலான வழிகாட்டிகள் இங்கே ஒரு படம் எடுக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நீங்கள் சாலையைக் கடந்து எதிரே உள்ள தேவஸ்தானுக்குப் போங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த மூன்று சின்னச் சந்நிதிகள்: சிவன், பிள்ளையார், விஷ்ணு. அரண்மனைப் பிராமணர்களின் கோயில். அந்த ஊஞ்சல் விழாவின் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை. சடங்கின்போது இவர்கள் ஓதுவது அந்தப் பாடல்கள்தான். தமிழ் தெரியாது, பொருளும் தெரியாது, தலைமுறை தலைமுறையாக ஒலி தேய்ந்து தேய்ந்து வாயில் நின்றிருக்கிறது. ஊஞ்சல் நின்ற பிறகும் ஓதல் நிற்கவில்லை. அம்மாவுக்கு முப்பதும் மனப்பாடம். சந்நிதிப் படியில் உட்கார்ந்து, மார்கழிகூட இல்லை, மெதுவாக ஒரு பாட்டு முணுமுணுத்தார். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான்.

அங்கிருந்து வடகிழக்கே கால் மணி நடந்தால் வாட் சகேத், பொன்மலை. முந்நூறு சொச்சம் படி, ஆனால் மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறுவதால் வலி தெரியாது. வழி நெடுக மணிகள், அடித்துக்கொண்டே போகலாம். மேலே பழைய ஊரின் கூரைகள் எல்லாம் காலடியில்.

இறங்கினால் கீழே பான் ஃபா துறை. சென் செப் கால்வாய்ப் படகு இங்கேதான் புறப்படுகிறது. சுற்றுலாவுக்கான படகு இல்லை, ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிற படகு. தண்ணீர் கறுப்பு, வாசனையும் சொல்லும்படி இல்லை. ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தால் உங்களுக்கு ஒரு வேலை உண்டு: பக்கத்தில் நீலத் தார்ப்பாய், அதற்கு ஒரு கயிறு. எதிரே படகு வரும்போது இழுத்துப் பாயை மேலேற்ற வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் மடி நனையும், பின்னால் இருப்பவர் முறைப்பார். கண்டக்டர்கள் தலையில் ஹெல்மெட்டோடு படகின் வெளிவிளிம்பில் நடந்தே காசு வாங்குவார்கள். தாழ்ந்த பாலம் வந்தால் கூரையே இறங்கும்.

ஹுவா சாங் துறையில் இறங்குங்கள். பக்கத்தில் ஜிம் தாம்சன் வீடு. தாய்ப் பட்டுக்கு உலகச் சந்தையைத் திறந்துவிட்ட அமெரிக்கர். எதிர்க்கரை பான் குருவாவில் இருந்த நெசவாளர்களை வைத்துத் தொழில் நடத்தினார். பழைய தேக்கு வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே சேர்த்துக் கட்டினார். 1967-இல் மலேசியாவின் கேமரன் மலையில் நடக்கப் போனவர் திரும்பவேயில்லை, இன்றுவரை துப்பு இல்லை. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். பட்டுப் பார்த்தே வளர்ந்தவர்கள், புழுக்கூட்டை வெந்நீரில் போட்டு நூல் எடுப்பதை அங்கே ஒருவர் செய்து காட்டுவதைப் பார்க்கலாம்.

வெயில் ஏறிவிட்டால் பக்கத்துச் சியாம் வணிக வளாகங்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா ஊரிலும் இருப்பவைதான். ஆனால் சித் லோம் நிலையத்தருகே எராவன் பிரம்மா சந்நிதியைத் தவறவிடாதீர்கள். எராவன் என்றால் ஐராவதம். 1956-இல் ஓட்டல் ஒன்று கட்டும்போது தொடர்ந்து வந்த தடங்கலுக்குப் பரிகாரமாக வைத்தது. நம் ஊரில் பிரம்மாவுக்குக் கோயில் தேட வேண்டும். இங்கே நாற்சந்தியில் ஊதுபத்திப் புகைக்கு நடுவில் கூட்டம். வேண்டுதல் பலித்தவர்கள் காசு கட்டி நடனம் ஆட வைப்பார்கள்.

மாலை வாட் மங்கோன் மெட்ரோவில் இறங்கி யாவரட், சைனா டவுன். ஆறு மணிக்குமேல்தான் தெரு விழிக்கும். திங்கள்கிழமை பல தள்ளுவண்டிகளுக்கு விடுமுறை. முன்னதாகவே வந்தால் வாட் திரைமித் பொன் புத்தரைப் பார்க்கலாம்: ஐந்தரை டன். வெறும் சுதைச் சிலை என்று நினைத்திருந்தார்கள். 1955-இல் இடம் மாற்றும்போது பூச்சு உடைந்து உள்ளே தங்கம் தெரிந்தது. தெரு நெடுக நகைக்கடைகள். இவர்களுக்குச் சவரன் இல்லை, தங்கத்தின் எடைக்கும் "பாத்" என்றே பெயர். ஒரு பாத் ஏறக்குறைய 15 கிராம், தரம் 96.5 சதவீதம், நம் 22 காரட்டைவிடச் சுத்தம். ஆசைப்பட்டு வாங்கினால் ஊர் திரும்பும்போது சுங்கம் கேட்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காம் நாள்: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

சனி, ஞாயிறாக இருந்தால் சதுசக் சந்தை. மோ சித் நிலையத்தில் இறங்கி, 9 மணிக்குப் போய் 12-க்குள் வெளியே வந்துவிடுங்கள். ஆயிரக்கணக்கான கடைகள், எண் போட்ட பிரிவுகள். பிடித்ததைப் பார்த்ததும் வாங்கிவிடுங்கள். திரும்பி வந்து வாங்கலாம் என்று நினைத்தால் அந்தக் கடை மறுபடி கிடைக்காது.

மற்ற நாள் என்றால், ஏன், சந்தை பிடிக்காதவர்களுக்கு எந்த நாளாக இருந்தாலும், அயுத்தயா. சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே, நான்கு நூற்றாண்டுக்கு மேல் தலைநகராக இருந்து 1767-இல் பர்மியப் படையால் அழிந்த ஊர். பெயர் அயோத்தியிலிருந்து வந்தது. சாதா ரயிலில் மூன்றாம் வகுப்புச் சீட்டு 15, 20 பாத்தான். மின்விசிறி, திறந்த ஜன்னல், கூடையில் சாப்பாடு விற்கிறவர்கள், ஒன்றரை இரண்டு மணி நேரம். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். ரயிலடிக்கு எதிரே நடந்து ஆற்றைப் படகில் கடந்தால் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். அம்மாவோடு போனதால் மணிக்கணக்கில் டுக்-டுக் பேசிக்கொண்டோம்.

வாட் மகாதாத்தில் அரசமர வேருக்குள் புத்தரின் தலை ஒன்று சிக்கி நிற்கும். அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்தால் காவலர் அதட்டுவார். புத்தர் தலைக்கு மேல் உங்கள் தலை இருக்கக் கூடாது, குத்துக்காலிட்டுத்தான் எடுக்க வேண்டும். மற்ற கோயில்களில் தலை இல்லாத புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நிழல் குறைவு, தொப்பி கட்டாயம்.

சைவச் சாப்பாடு

"நோ மீட்" என்று சொன்னால் போதும் என்று நினைப்பவர்கள் மீன் சாறு சாப்பிடுவார்கள். "நாம் ப்லா" என்கிற அந்த மீன் சாறு இங்கே உப்பு மாதிரி, எதிலும் விழும். குழம்பு விழுதில் இறால் இருக்கும், பப்பாளிச் சாலட்டில் காய்ந்த இறால் இருக்கும். சொல்ல வேண்டிய சொல் "கின் ஜே". சீன மரபுச் சைவம். முட்டை, பால், வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. இந்தக் கடைகளில் மஞ்சள் கொடியில் சிவப்பாக ஓர் எழுத்து இருக்கும், பார்ப்பதற்கு 17 என்று எழுதியதுபோல. அந்தப் பதினேழைத் தேடிக்கொண்டேதான் அம்மா தெருவில் நடந்தார். என்னைவிட முன்னால் கண்டுபிடித்துவிடுவார். புரட்டாசி, ஐப்பசி வாக்கில் ஒன்பது நாள் ஜே விழா வரும். அப்போது யாவரட் முழுக்கப் பதினேழுதான்.

மாம்பழமும் தேங்காய்ப்பால் சாதமும் பயமில்லாமல் சாப்பிடலாம். வாழைப்பழ ரொட்டி நம் பரோட்டாவுக்கு உறவு, ஆனால் முட்டை ஊற்றுவார்கள், முன்னதாகவே கைகாட்டித் தடுங்கள். காரம் வேண்டாம் என்றால் "மை பெத்". ஆண்கள் பேச்சின் முடிவில் "கிராப்", பெண்கள் "கா" சேர்த்தால் எதிரே முகம் மலரும்.

திரும்பும் நாள்

இரவு விமானம் என்றால் பெட்டியை ஓட்டலில் விட்டுவிட்டு லும்பினி பூங்காவில் நடக்கலாம். குளத்தங்கரையில் ஆள் நீளத்துக்கு உடும்பு ஒன்று நிதானமாகக் குறுக்கே போகும். பயப்பட வேண்டாம், வழி விடுங்கள். அதன் தாய்லாந்துப் பெயரை யாரிடமும் சொல்லிப் பார்க்க வேண்டாம், அது அங்கே கெட்ட வார்த்தை.

மாலை நெரிசலில் சாலை வழியாக விமான நிலையம் போக நினைக்காதீர்கள், பயா தாயிலிருந்து ரயில்தான். சுவர்ணபூமியில் குடிநுழைவைத் தாண்டியதும் நேரே பாற்கடல் கடையும் சிற்பம் நிற்கிறது: வாசுகியின் ஒரு பக்கம் தேவர்கள், ஒரு பக்கம் அசுரர்கள், மேலே விஷ்ணு. எல்லாரும் பெட்டியை இழுத்துக்கொண்டு கடந்து போய்விடுகிறார்கள். அம்மா நின்று, அசுரர்களை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். எங்கள் போர்டிங் கேட்டை மூன்றாவது முறை அறிவித்தபோது வாலுக்குப் பக்கத்தில் இருந்தார்.